மீனம்பாக்கத்தில் பெட்டி கட்டிய காலம்

நாலு பக்கமும் அபாய லேபிள் ஒட்டி வரும் பெட்டியைப் பார்த்து எங்கள் ஷெட்டில் யாரும் பயந்ததில்லை. மண்டையோட்டுப் படம் போட்ட பெட்டியை இரண்டு பேர் பிடித்து, பேசிக்கொண்டே தராசில் வைப்பார்கள். பயமெல்லாம் ஒன்றுமே ஒட்டாமல், "வீட்டு உபயோகப் பொருட்கள்" என்று மட்டும் எழுதி வருகிற பெட்டியிடம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், வேதியியல் பட்டத்தோடு நான் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பேக்கிங் ஷெட். தலைக்கு மேலே விமானம் இறங்கும்போது போனில் பேசுபவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். விமானத்தில் அனுப்ப வேண்டிய ரசாயனங்களை விதிப்படி கட்டி, தாள் தயாரித்து, கார்கோ கவுன்டரில் ஒப்படைப்பது எங்கள் தொழில். ராணிப்பேட்டையிலிருந்து தோல் பதனிடும் ரசாயனங்களின் சாம்பிள் வரும். ஆலத்தூர், கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து மருந்துக் கம்பெனிகளின் சரக்கு வரும். பெயின்ட், சென்ட், பசை, ஆய்வகத்துக்கான அமிலம் என்று எது வந்தாலும் கடைசியில் எங்கள் மேஜைக்குத்தான் வரும்.

முதல் நாள் என் கையில் ஒரு தடிமனான புத்தகத்தைக் கொடுத்தார்கள். விமானக் கம்பெனிகளின் சங்கமான அயாட்டா ஆண்டுதோறும் வெளியிடும் அபாயச் சரக்கு விதிநூல் அது. எல்லோரும் டி.ஜி.ஆர். என்பார்கள். ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் பழைய புத்தகம் செல்லாக் காசாகிவிடும். பழைய பதிப்பை வைத்துக் கட்டிய பெட்டியைக் கவுன்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதற்கெல்லாம் மூலம் ஐ.நா.வின் கீழ் இயங்கும் இகாவோ அமைப்பின் தொழில்நுட்ப விதிகள். நம் நாட்டில் அவற்றை மீறினால் கேட்பதற்கு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. இருக்கிறது, 2003-இல் இதற்கென்றே தனி விதிகளும் வந்தன.

புத்தகத்தின் உயிர் அதன் நீலப் பக்கங்களில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பொருட்களின் பெயர்கள் அகரவரிசையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க யு.என். எண், ஒன்பது அபாய வகுப்புகளில் எது, அபாயத்தின் கடுமை எத்தனையாவது படி, பயணிகள் விமானத்தில் ஒரு பெட்டிக்கு எவ்வளவு, சரக்கு விமானத்தில் எவ்வளவு, எந்தக் கட்டு முறை என்று குறுக்கே ஓடும். எத்தனாலைத் தேடினால் எண் 1170, வகுப்பு 3, தீப்பற்றும் திரவம். பயணிகள் விமானத்தில் ஒரு பெட்டிக்கு 5 லிட்டர், சரக்கு விமானத்தில் 60 லிட்டர். சில பொருட்களுக்கு நேரே அளவு எதுவும் இருக்காது. "தடை" என்று ஒரே சொல்தான். அதற்கு மேல் பேச்சில்லை. சரக்கு அனுப்பும் பார்ட்டி மந்திரியின் மச்சானாக இருந்தாலும் பேச்சில்லை.

பக்கம் புரட்டுவதை நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். கட்டுவதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் அண்ணாச்சி. சாத்தான்குளம் பக்கத்துக்காரர். துறைமுகத்தில் மரப்பெட்டி அடித்துப் பழகிய கை. கண்ணாடிச் சாமான் என்றால் வைக்கோல், இரும்புச் சாமான் என்றால் மரத்தூள் என்பது அவருடைய சாஸ்திரம். அமில பாட்டில்களைச் சுற்றியும் மரத்தூளைக் கொட்டப்போனவரைப் பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி தடுத்தார்.

"ஏன் சார், கப்பலுக்கு எத்தன வருசம் போட்டிருக்கேன். எந்தக் கப்பல் முங்கிட்டு?" என்றார் அண்ணாச்சி.

அதிகாரி சிரிக்கவில்லை. பாஸ்டன் கதையைச் சொன்னார். 1973 நவம்பர் 3. பான் ஆம் கம்பெனியின் போயிங் 707 சரக்கு விமானம் நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கிளம்பியது. உள்ளே கண்ணாடி பாட்டில்களில் நைட்ரிக் அமிலம். மரப்பெட்டிகளில் சுற்றிலும் மரத்தூள். மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டிருந்தும் சில பெட்டிகளைப் படுக்கவைத்து ஏற்றியிருந்தார்கள். நைட்ரிக் அமிலம் தானாக எரியாது. ஆனால் எரியக்கூடிய எதையும் எரியவைத்துவிடும். மரத்தூளில் பட்டால் புகையும், பிறகு பற்றும். கிளம்பிய அரை மணி நேரத்தில் புகை வந்தது. பாஸ்டனில் இறக்கப் பார்த்தார்கள். ஓடுபாதைக்குச் சற்று முன்பே விமானம் விழுந்து மூன்று பேரும் இறந்தார்கள். புகை எங்கிருந்து வந்தது என்று அறுதியாக நிறுவ முடியாவிட்டாலும், கசிந்த அமிலமும் மரத்தூளும் சேர்ந்ததே காரணம் என்றுதான் அமெரிக்க விசாரணை வாரியம் நம்பியது.

அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் மரத்தூள் மூட்டையைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்தார். அடுத்த வாரம் வெர்மிகுலைட் மூட்டைகள் வந்து இறங்கின. இப்போது மாடித்தோட்டக்காரர்கள் வாங்குகிறார்களே, அதேதான். மைக்கா போன்ற ஒரு தாதுவைச் சூடாக்கிப் பொரித்தது. பழுப்புப் பொன்னிறத்தில் அவல் மாதிரி லேசாக இருக்கும். எரியாது, திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

அவர் ஒரு பெட்டி கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, திரவம் எதுவரை நிற்கிறது என்று பார்ப்பார். கழுத்துவரை நிறைத்திருந்தால் பார்ட்டிக்கே திருப்பிவிடுவார். 55 டிகிரி வெப்பத்தில்கூட பாட்டில் முழுதாக நிரம்பிவிடக் கூடாது என்பது விதி; மே மாதத்தில் தார்ப்பாய் போட்ட லாரிக்குள் திரவம் விரிவதை அவர் விதி படிக்காமலே அறிந்தவர். மூடியை இறுக்கிவிட்டு, அது அதிர்வில் கழன்றுவிடாமல் டேப் சுற்றுவார். பாட்டிலைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் இறக்கி, காற்றைப் பிதுக்கி வாயைக் கட்டுவார். பெட்டியின் அடியில் வெர்மிகுலைட் பரப்பி, பாட்டில்களை ஒன்றோடொன்று உரசாமல் நிறுத்தி, இடையிலும் மேலேயும் கொட்டுவார். மூடிய பிறகு பெட்டியைக் காதருகே வைத்து ஒரு குலுக்கு. கடகட என்று ஏதாவது கேட்டால் முழுதும் பிரித்து மறுபடி முதலிலிருந்து. பார்ட்டியின் ஆள் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்.

பாட்டில், மூடி விஷயத்தில் இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று எனக்கும் ஆரம்பத்தில் தோன்றியது. காரணம் உயரம். பயணிகள் விமானத்தின் சரக்கறையில்கூடக் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. வெளி அழுத்தம் குறையக் குறைய பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று மூடியை வெளியே தள்ளும். அழுத்தக் கட்டுப்பாடே பழுதானால் நிலைமை இன்னும் மோசம். அதனால்தான் திரவம் வைக்கும் பாட்டில் பெரும்பாலும் 95 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தமே 101-தான். கிட்டத்தட்ட வெற்றிடத்துக்குள் கொண்டுபோய் வைத்தாலும் ஒழுகக் கூடாது என்று அர்த்தம். மளிகைக் கடையில் பினாயில் வாங்கிய பாட்டிலைக் கழுவிவிட்டு, "இதுல ஊத்தி அனுப்புங்க சார், கெட்டியான பாட்டில்தான்" என்று கொண்டுவந்தவர்கள் உண்டு.

அட்டைப்பெட்டிக்கும் ஜாதகம் உண்டு. அதன் பக்கவாட்டில் வட்டத்துக்குள் யு.என். என்று போட்டு, 4ஜி, எக்ஸ்20, எஸ், இரண்டு இலக்கத்தில் ஆண்டு, ஐ.என்.டி. என்று ஒரு வரி அச்சிட்டிருக்கும். 4ஜி என்றால் அட்டைப்பெட்டி. எக்ஸ் என்றால் மிகக் கடுமையான அபாயப் பொருளுக்கும் தாங்கும் என்று சோதிக்கப்பட்டது. 20 என்றால் மொத்த எடை 20 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கடைசியில் இந்தியாவில் சான்று பெற்றது என்ற அடையாளம். நம் நாட்டில் அந்தச் சான்றைத் தருவது 1966-இல் தொடங்கிய இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங்.

அந்தச் சோதனையை ஒருமுறை நேரில் பார்க்க வாய்த்தது. பெட்டியைக் குறித்த ஈரப்பதத்திலும் வெப்பத்திலும் ஒரு நாள் வைத்திருந்து எடுத்து வந்தார்கள். எக்ஸ் தரம் என்றால் 1.8 மீட்டர் உயரத்திலிருந்து போட வேண்டும். ஒய் தரத்துக்கு 1.2, இசட் தரத்துக்கு 0.8. அடிப்பக்கம் விழும்படி, தலைகீழாக, நீளப் பக்கம், குறுகிய பக்கம், கடைசியாக ஒரு மூலை குத்தும்படி. ஐந்து விழலுக்கும் ஐந்து பெட்டிகள். மற்ற நான்கும் விழும்போது பெரிய சத்தம்தான். மூலை குத்தி விழும்போது வந்த நசுங்கல் சத்தத்தில் உடன் வந்திருந்த பெட்டிக் கம்பெனி முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். மூலை உள்ளே போயிருந்தது. டெக்னீஷியன் நிதானமாகப் பிரித்து ஒவ்வொரு பாட்டிலாகத் துடைத்துப் பார்த்தார். பெட்டி நசுங்கலாம், ஒழுகக் கூடாது. ஒழுகவில்லை. அதோடு முடியவில்லை. 3 மீட்டர் உயரத்துக்கு அதே பெட்டிகளை அடுக்கினால் எவ்வளவு பாரம் வருமோ அதை 24 மணி நேரம் மேலே ஏற்றிவைப்பார்கள். அட்டை எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்றும் அளப்பார்கள்.

பலருக்கும் புரியவைக்க முடியாத ஒரு விஷயம் இதில் உண்டு. சான்று அட்டைப்பெட்டிக்கு மட்டும் கொடுப்பதல்ல. எந்த பாட்டில், எத்தனை, எந்த இடையடைப்பு, எந்த அகலத்தில் டேப் என்று சோதனையில் இருந்ததோ அந்தக் கூட்டு மொத்தத்துக்கும்தான் அது. அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலோடு தேறிய பெட்டிக்குள் ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலை வைத்தால் அது சாதாரண அட்டைப்பெட்டிதான். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் 4ஜிவி என்று ஒரு ரகம் இருக்கிறது. உள்ளே வைப்பதை மாற்றிக்கொள்ள இடம் கொடுப்பது, விலையும் அதற்கேற்ப. "அந்த யு.என். முத்திரையை நம்ம பிரஸ்ஸிலேயே அடிச்சிரலாமே" என்று ஒரு ஏற்றுமதியாளர் யோசனை சொன்னார். படித்தவர், பிள்ளைகள் அமெரிக்காவில். எங்கள் சூப்பர்வைசர் அவரிடம், "உங்க பொண்ணு ஊருக்கு வர்ற ஃபிளைட்ல ஏத்தலாமா சார்?" என்று கேட்டார். அந்தப் பார்ட்டி அதன் பிறகு வேறு ஏஜென்ட்டிடம் போய்விட்டது.

பெட்டி முடிந்தால் தாள். ஓரங்களில் சிவப்புச் சாய்கோடு போட்ட ஷிப்பர்ஸ் டிக்ளரேஷன். யு.என். எண், முறையான பெயர், வகுப்பு, அபாயப் படி என்ற வரிசை மாறக் கூடாது. கம்பெனி வைத்த வியாபாரப் பெயரை மட்டும் எழுதினால் செல்லாது. அடித்துத் திருத்தினால் அதே கையெழுத்து பக்கத்தில் வேண்டும். கவுன்டரில் இருப்பவர் நீண்ட பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போடுவார்; ஒன்று இல்லையென்றாலும் சரக்கு வெளியே. அந்தக் கவுன்டர்காரர்களைத் திட்டாத நாள் கிடையாது. இன்று யோசித்தால், திட்டு வாங்கிக்கொண்டே நாற்காலியை விட்டு அசையாத அவர்கள்மேல் மரியாதைதான் வருகிறது.

பொய் எழுதி வரும் பெட்டி எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு மழைக்கால மாலை, ஓவியப் பொருட்கள் என்று சாதாரண சரக்காக ஒரு பெட்டி வந்தது. லேபிள் இல்லை, டிக்ளரேஷன் இல்லை. ஒரு மூலை மட்டும் ஈரமாக இருந்தது. வெளியே மழை என்பதால் நனைந்திருக்கும் என்று இறக்கியவன் சொன்னான். அண்ணாச்சி குனிந்து மூலையை முகர்ந்தார். "மழையில தின்னர் வாடை அடிக்குமாய்யா?" என்றார். அனுப்பியவரைக் கூப்பிட்டு அவர் முன்னாலேயே பிரித்தோம். பழைய புடவையிலும் செய்தித்தாளிலும் சுற்றிய பிளாஸ்டிக் கேன்கள். ஒன்றின் மூடி சரியாகத் திருகப்படவில்லை. தின்னர், பெயின்ட் சார்ந்த பொருளாக யு.என். 1263-இன் கீழ் முறையாகவே போகக்கூடியது. சொல்லியிருந்தால் இரண்டு நாளில் அனுப்பியிருப்போம். "டி.ஜி.ன்னு சொன்னா சார்ஜ் அதிகம்னாங்க" என்றார் அவர், கோபம் எதுவும் இல்லாமல்.

2000 மார்ச்சில் வந்த சேதி எங்கள் தெரு டீக்கடையையே மௌனமாக்கியது. பெய்ஜிங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் பயணிகளோடு வந்திறங்கிய மலேசிய விமானம், ஏர்பஸ் ஏ330. சரக்கை இறக்கும்போது நெடி தாங்காமல் தொழிலாளர்கள் ஐந்து பேருக்கு உடம்பு முடியாமல் போனது. தாளில் இருந்த பெயர் ஹைட்ராக்ஸிகுவினோலின் என்ற திடப் பொடி. உள்ளே இருந்தது ஆக்ஸாலில் குளோரைடு என்ற திரவம். 80 கலன்கள், மொத்தம் 2 டன். ஈரம் பட்டால் அது சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிளம்பும். கசிந்தது விமானத்தின் உடலை அரித்துவிட்டது. பழுது பார்த்துப் பயனில்லை என்று அந்தப் பெரிய விமானத்தையே கழித்துக் கட்டினார்கள்.

எங்களை உலுக்கியது இது மட்டுமல்ல. அந்தச் சரக்கு வந்து சேர வேண்டிய ஊர் சென்னை. கோலாலம்பூரில் வேறு விமானத்துக்கு மாற்றி, மீனம்பாக்கத்தில் இறக்க வேண்டியது. கார்கோவில் கையுறைகூட இல்லாமல் மூட்டை தூக்கும் பையன்களை அன்று எல்லோரும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தோம். 2007-இல் சீன நீதிமன்றம் அனுப்பிய நிறுவனத்துக்கு 6.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. கட்டு முறை, டேப், வெர்மிகுலைட் எதுவும் அங்கே விவாதத்துக்கே வரவில்லை. பெயரே பொய் என்றால் மற்ற விதிகள் தொடங்குவதே இல்லை.

அதற்கு முன்பு, 1996 மே 11 அன்று, மயாமியில் கிளம்பிய வேல்யூஜெட் விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்து 110 பேர் இறந்ததும் இதே வகைதான். பழைய ஆக்ஸிஜன் ஜெனரேட்டர்களைப் பாதுகாப்பு மூடி போடாமல் அட்டைப்பெட்டிகளில் வைத்து, "காலி" என்று எழுதி ஏற்றியிருந்தார்கள். அவை காலியாக இல்லை.

இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விதிகள் சரியானவை, ஆனால் உண்மை சொல்பவனுக்கு மட்டும் செலவும் அலைச்சலும் வைக்கிற ஏற்பாடு சரியில்லை. ஒரு சின்ன சென்ட் கம்பெனிக்காரர் நேர்மையாக அறிவித்தால் தனிப் பெட்டி, தனித் தாள், கூடுதல் கட்டணம், பயிற்சி பெற்ற ஆள். அதற்குப் பிறகும் சில விமானக் கம்பெனிகள், அபாயச் சரக்கே எடுப்பதில்லை என்று கையை விரிக்கும். அவர் அடுத்த முறை "அழகுப் பொருள் சாம்பிள்" என்று எழுதினால் அது குற்றம்தான். அந்தக் குற்றத்துக்கு வழிகாட்டியதில் கதவைச் சாத்தியவர்களுக்கும் பங்குண்டு. அறிவித்த சரக்கை எடுத்துப் பழகிய கம்பெனிகளுக்கு அதைக் கையாளவும் தெரியும். எடுக்க மாட்டேன் என்பவர்களின் விமானத்திலும் அது போய்க்கொண்டுதான் இருக்கும், பெயர் மாறி.

இது கம்பெனிக்காரர்கள் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பூஜைக் கற்பூரம் நீலப் பக்கங்களில் இருக்கிறது: யு.என். 2717, தீப்பற்றும் திடப்பொருள். கொப்பரைத் தேங்காயும் இருக்கிறது: யு.என். 1363, தானாகச் சூடேறிப் பற்றக்கூடியது என்ற வகுப்பில். பாதரசம் இருக்கிறது; அலுமினியத்தை அரித்துத் தின்னும் என்பதால், அலுமினியத்தால் செய்த விமானத்துக்கு அதைவிடக் கெட்ட விருந்தாளி இல்லை. ரசமணி என்று பையில் போட்டு அனுப்புகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. பவர் பேங்க்கைச் செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள் என்று கவுன்டரில் கெஞ்சுவதும் இதனால்தான்: 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் விழுந்த யு.பி.எஸ். சரக்கு விமானத்தில் தீ பற்றிய இடத்தில் லித்தியம் பேட்டரிகள் இருந்தன. விமானிகள் இருவரும் இறந்தார்கள். கையில் வைத்திருக்கும் பேட்டரி புகைந்தால் யாராவது பார்ப்பார்கள். சரக்கறையில் பார்க்க ஆளில்லை.

அதனால் மகனுக்கோ மகளுக்கோ வெளிநாட்டுக்குப் பார்சல் கட்டும்போது, கூரியர் கடைப் பையன் "உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். ஊறுகாய், முறுக்கோடு கற்பூர டப்பாவும் நெயில் பாலிஷும் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதிகம் போனால் அந்த டப்பாவை எடுத்து உங்கள் கையில் திருப்பிக் கொடுப்பான். மீதிப் பார்சல் போய்ச் சேரும்.